எலக்ட்ரீஷியனின் கருவிப் பை

ஆயுத பூசை நாளன்று நம் ஊர்ப் பட்டறைகளில் சுத்தியலுக்கும் குறட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் படைப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கருவியை மதிக்க வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. ஆனால், பொட்டிட்டு வைத்த அந்தக் கருவிகள் யாருடையவை என்று நாம் கேட்பதில்லை. முதலாளி வாங்கிக் கொடுத்தவையா? தொழிலாளி தம் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியவையா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும், அதன் விடையில் ஒரு தொழிலாளியின் வயிறும், சில வேளைகளில் அவருடைய உயிரும் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை எழுதி வைத்திருப்பவர்கள் வட அமெரிக்க எலக்ட்ரீஷியன்கள். அங்கே தொழிற்சங்கத்தின் வழியாக இத்தொழிலில் சேரும் புதிய பழகுநரிடம் ஒரு கருவிப் பட்டியல் கொடுக்கப்படுகிறது. ஏறத்தாழ ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் பட்டியல் அது. மேலோட்டமாகப் பார்த்தால், கடைக்கு எடுத்துச் செல்லும் சீட்டுப் போலத் தோன்றும். ஊன்றிப் பார்த்தால், அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே கிழித்த ஓர் எல்லைக்கோடு என்பது விளங்கும். மின்னியலை ஏட்டில் படிக்கும் நாம், அதைக் கையால் செய்பவர்களின் பையைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

சங்கமும் பள்ளியும்

அமெரிக்காவில் மின்விளக்கு பரவத் தொடங்கிய காலத்தில், கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டுவோரின் உயிருக்கு விலையில்லை. பயிற்சி கிடையாது; பாதுகாப்பு விதி கிடையாது. இந்நிலையில்தான் 1891ஆம் ஆண்டு நவம்பர் மாதம் செயின்ட் லூயி நகரில் 10 பிரதிநிதிகள் கூடி மின்தொழிலாளர் சங்கம் ஒன்றை நிறுவினர். அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர். அவரும் ஒரு லைன்மேனே. 1896இல் வாஷிங்டன் நகரில் கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்து அவர் இறந்தார். தலைவரையே பலிகொண்ட தொழில் அது. பின்னர்க் கனடா நாட்டவரும் சேரவே, 1899இல் அச்சங்கம் ‘மின்தொழிலாளர் அனைத்துலகச் சகோதரத்துவம்’ என்று பொருள்படும் பெயரை ஏற்றது. இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

சங்கம் கூலிக்காக மட்டும் போராடவில்லை. தொழில் கற்பிக்கவும் முன்வந்தது. மின் ஒப்பந்தக்காரர்களின் அமைப்போடு சேர்ந்து தேசியக் கூட்டுப் பயிற்சிக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. 2014 முதல் அது மின்பயிற்சிக் கூட்டணி என்னும் பெயரில் இயங்குகிறது. கட்டடங்களுக்குள் மின்னிணைப்புச் செய்யும் பிரிவில் பயிற்சிக் காலம் பொதுவாக ஐந்து ஆண்டுகள். அதில் 8,000 மணி நேரம் வேலைத்தளத்தில். ஏறத்தாழ 900 மணி நேரம் வகுப்பறையில். பழகுநருக்கு முதல் நாளிலிருந்தே கூலி உண்டு. தேர்ந்த தொழிலாளியின் கூலியில் ஒரு பங்காக அது தொடங்கிப் படிப்படியாக உயரும். தொடக்கத்தில் அந்தப் பங்கு பெரும்பாலும் பாதி அளவிலோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். இந்தச் சிறிய கூலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் ஏன் சிறியது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

பட்டியலில் உள்ளவை

ஊருக்கு ஊர், கிளைக்குக் கிளை பட்டியல் சற்று வேறுபடும். எனினும் சில கருவிகள் எல்லாவற்றிலும் இடம்பெறுகின்றன.

முதலிடம் பெறுவது, நம் ஊரில் கட்டிங் பிளேயர் என்கிறோமே, அதன் பெரிய அண்ணன். 9 அங்குல நீளமுள்ள கனத்த குறடு. கம்பியைப் பிடிக்கும், முறுக்கும், வெட்டும். இது முதல் வகை நெம்புகோலே அன்றி வேறில்லை. கைப்பிடியில் நாம் அழுத்தும் இடம் ஆணியிலிருந்து 6 அங்குலமும், வெட்டுவாய் அரை அங்குலமும் தள்ளியிருப்பதாகக் கொள்வோம். கையின் விசை 12 மடங்காகப் பெருகுகிறது. ஆணியை வெட்டுவாய்க்கு இன்னும் அருகில் அமைத்தால் பெருக்கம் கூடும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கம்பி வெட்டும் மணிக்கட்டுக்கு இந்தச் சிறு வேறுபாடு பெரிய ஆறுதல்.

அடுத்தவை கம்பியைக் குறுக்கே நறுக்கும் கட்டர், கூர்மூக்குக் குறடு, வாயை விரித்தும் குறுக்கியும் வைக்கத்தக்க பள்ளக் குறடு ஆகியன. பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் ஊரில் 1933இல் உருவான வடிவம் இப் பள்ளக் குறடு. இதை மட்டும் இரண்டாக வாங்கச் சொல்வார்கள். காரணம் எளிது: இரும்புக் குழாய்களை இணைக்கும்போது ஒன்றால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் இணைப்பைத் திருக வேண்டும். ஒற்றைக் குறட்டால் திருகினால் குழாயும் சேர்ந்து சுழலும்.

கம்பியின் மேலுறையை உரிப்பதற்குத் தனியே ஸ்டிரிப்பர் உண்டு. கத்தியால் சீவினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் கத்தி தாமிரத்தில் ஒரு கீறல் விழச் செய்துவிட்டால், கம்பியை வளைக்கும்போது தகைவு முழுவதும் அந்தக் கீறலில் குவியும். கம்பி அங்கேயே விண்டுபோகும்; அல்லது அரையும் குறையுமாக நின்று, அந்த இடத்தில் சூடேறும். ஸ்டிரிப்பரில் கம்பியின் ஒவ்வொரு பருமனுக்கும் ஒவ்வொரு துளை இருப்பது இதற்காகத்தான்.

திருப்புளிகளில் பட்டை முனையும் நட்சத்திர முனையும் வேண்டும். கனடாவில் 1908இல் ராபர்ட்சன் கண்ட சதுரப் பள்ளத் திருகாணி பெருவழக்காதலால், அங்கே சதுர முனையும் வேண்டும். பட்டை முனை பள்ளத்திலிருந்து வழுக்கி விலகிக் கையைக் கிழிப்பது எளிது. சதுர முனை விலகாது.

அளவு நாடாவில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் நுனியிலுள்ள கொக்கி சற்று ஆடும். ஆணி தளர்ந்துவிட்டது என்று எண்ணிப் புதியவர்கள் சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுவார்கள். உண்மையில் அந்த ஆட்டம் கொக்கியின் தடிப்பளவே இருக்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே நகரும். சுவரில் முட்டித் தள்ளினால் உள்ளே நகரும். இரண்டு வகையிலும் அளவு சரியாக வரும். பிழையென்று தோன்றியதே பிழையைத் திருத்துகிறது!

இவற்றோடு சுத்தியல், குழாயின் மேல் ஒட்டி நிற்கும் காந்தம் பதித்த சிறிய ரசமட்டம், ஆக்சா சட்டம், பலகையில் துளையிட்டு அறுக்கும் கூர்முனை ரம்பம், வாய் விரியும் ஸ்பானர், ஆறுமூலைச் சாவிகள், கைவிளக்கு, பென்சில், மின்சாரம் உண்டா இல்லையா என்று பார்க்கும் சோதனைக் கருவி, இவற்றையெல்லாம் இடுப்பில் தாங்கும் தோல் பை. இவ்வளவுதான்.

பட்டியலில் இல்லாதவை

இனி, பட்டியலில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். துளையிடும் எந்திரம் இல்லை. ஏணி இல்லை. குழாய் வளைக்கும் கருவி இல்லை. குழாய்க்குள் கம்பியை இழுக்கும் எஃகு நாடா இல்லை. ஆக்சாவின் சட்டம் உண்டு. பல பட்டியல்களில் அதன் அலகு இல்லை! ஏன்? சட்டம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அலகோ வேலையிலேயே தேய்ந்து தீரும். தேய்ந்து தீர்வது வேலையின் செலவு. அது முதலாளியின் கணக்கு. கைக்குப் பழகி நிலைப்பது தொழிலாளியின் உடைமை. எல்லைக்கோடு எவ்வளவு நுட்பமாக ஓடுகிறது பாருங்கள்.

ஒப்பந்தங்களில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் உள்ளவற்றைத் தொழிலாளி கொண்டுவர வேண்டும். வேலைக்குத் தேவையான மற்ற அனைத்தையும் முதலாளி தர வேண்டும். வேலையின்போது உடைந்த கருவிக்கு மாற்று, பூட்டிய இடத்திலிருந்து திருடுபோன கருவிக்கு ஈடு ஆகியவற்றையும் பல ஒப்பந்தங்கள் வகுத்துள்ளன. நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை உடைந்தால் நாம் கட்டிய காப்புத் தொகையில் கைவைக்கிறார்கள் அல்லவா? அதற்கு நேர்மாறான ஏற்பாடு இது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உற்சாகமுள்ள ஓர் இளைஞர் தம் பணத்தில் நல்ல துளை எந்திரம் ஒன்றை வாங்கி வேலைக்குக் கொண்டுவந்தால் என்ன கெட்டுவிடும்? அவருக்கும் வேலை விரைவாக முடியும், மேற்பார்வையாளரும் பாராட்டுவார். சங்கம் ஏன் அதைத் தடுக்கிறது?

சற்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒருவர் எந்திரம் கொண்டுவந்தால், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது முதலாளியின் கண் அவர்மேல்தான் விழும். இதைக் கண்ட இரண்டாமவரும் கடன்பட்டு ஒன்று வாங்குவார். மூன்றாமவருக்கு வாங்க வழியில்லை. அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். சில ஆண்டுகளில் எந்திரம் வைத்திருப்பவருக்கே வேலை என்றாகிவிடும். அப்போது முதலாமவருக்கும் தனிச் சலுகை ஏதும் இராது. எந்திரத்தின் விலை மட்டும் எல்லாத் தொழிலாளியின் தலையிலும் ஏறியிருக்கும். ஆக, அந்த இளைஞர் கொண்டுவந்தது கருவியன்று. தம்மைவிட ஏழையான ஒருவரின் வாயிலை அடைக்கும் தாழ்ப்பாள். சங்கப் பட்டியல் ‘இவற்றைக் கொண்டு வா’ என்று சொல்வதோடு, ‘இவற்றுக்குமேல் கொண்டு வராதே’ என்றும் சொல்வதன் பொருள் இதுதான்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு உழைப்பு நெறிச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, கருவி வாங்கும் செலவால் ஒருவரின் கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்குமானால், முதலாளி அச்செலவை அவர்மேல் சுமத்த முடியாது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த கட்டுமானப் பாதுகாப்பு விதி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: கருவி முதலாளியுடையதாயினும் தொழிலாளியுடையதாயினும், அது பழுதற்ற நிலையில் இருக்க வேண்டும். தலை பிளந்த உளியை ‘அது அவனுடையது’ என்று சொல்லி யாரும் கைகழுவ இயலாது.

அப்படியானால் கைக்கருவிகளையும் முதலாளியே கொடுத்துவிடலாமே என்று கேட்கக்கூடும். அதற்குத் தொழிலாளியே உடன்படமாட்டார். தினமும் பிடித்த குறடு கைக்கு இணங்கிப்போயிருக்கும். அதன் வாய் எங்கே தேய்ந்திருக்கிறது, எவ்வளவு விசைக்குத் தாங்கும் என்பதைக் கை அறியும். சிகாகோ நகரில் 1857இல் தொடங்கிய கிளைன் என்னும் கருவி நிறுவனம் தன் தோற்றத்தைப் பற்றி ஒரு கதை சொல்லும். தந்தி லைன்மேன் ஒருவர் தம் குறட்டின் ஒரு பாதி உடைந்ததும் மத்தியாஸ் கிளைன் என்னும் கருமானிடம் கொண்டுவந்தார். அவர் புதிய பாதியை அடித்துப் பழைய பாதியோடு சேர்த்துக் கொடுத்தார். சில காலத்துக்குப் பின் மற்றப் பாதியும் உடைய, லைன்மேன் மீண்டும் அவரிடமே வந்தார். அப்பொழுது முழுக் குறடும் கிளைன் செய்தது ஆயிற்று. கைக்கருவியைத் தொழிலாளி தூக்கியெறிவதில்லை என்பதற்கு இக்கதை சான்று.

கைப்பிடி உறை காக்காது

பையில் உள்ளவற்றைப் பற்றிப் பரவலாக நிலவும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. நம்மில் பலருக்கும் அது இருக்கிறது. குறட்டின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? அது மின்சாரத்திலிருந்து காக்கும் என்று நம்புகிறோம். சாதாரணக் குறட்டின் உறை பிடி வழுக்காமல் இருக்கவும் கை நோகாமல் இருக்கவும் போடப்பட்டதே. மின்காப்புக்கென்று செய்த கருவிகள் வேறு. அவற்றில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்னும் எழுத்தும் பொறித்திருக்கும், ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டது. அவற்றிலும் உறையில் வெட்டு விழுந்தால் மதிப்புப் போயிற்று.

கணக்கைப் பாருங்கள். ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கக்கூடும். அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட்டில் அவ்வுடல் வழியே 120 மில்லியாம்பியர் பாயும். நம் நாட்டு 230 வோல்ட்டிலோ 230 மில்லியாம்பியர். 10 முதல் 20 மில்லியாம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த பிடியை விட முடியாமல் போகும். 100 மில்லியாம்பியர் அளவில் இதயத் துடிப்பே தடுமாறும். ஓம் விதியைத் தேர்வுத்தாளில் எழுதும் நாம், நம் உடலும் அவ்விதிக்கு அடங்கிய ஒரு மின்தடையே என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகையால்தான் அங்கே பழகுநருக்கு முதலில் கற்பிப்பது மின்சாரத்தோடு வேலை செய்யும் வித்தையன்று. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்யும் ஒழுக்கம். சுவிட்சை அணைத்து, அதன்மேல் தம் பூட்டைப் போட்டு, பெயரட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். பின்னர் மூன்று படிச் சோதனை. முதலில் மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் சோதனைக் கருவியை வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, வேலை செய்யப்போகும் கம்பியில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, கருவி இடையில் பழுதாகிவிடவில்லை என்று தெளிய வேண்டும். ‘இல்லை’ என்று கருவி சொல்லும்போது, இல்லாதது மின்சாரமா அல்லது கருவியின் உயிரா? இந்தக் கேள்விக்கு விடை தருவதே மூன்றாவது படி. எந்த ஆய்வுக்கும் பொருந்தும் முறையன்றோ இது?

நம் ஊர் டெஸ்டர் திருப்புளியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அதன் நியான் விளக்கு, அதைப் பிடித்திருப்பவரின் உடல் வழியே செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் எரிகிறது. நன்கு உலர்ந்த பலகைமேல் நின்றால் அது மங்கலாம். நல்ல வெயிலில் எரிவதே கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ‘எரிகிறது’ என்றால் நம்பலாம். ‘எரியவில்லை’ என்றால் நம்பக் கூடாது. இருமுனை கொண்ட சோதனைக் கருவியே நம்பத்தக்கது.

தலையில் சுமக்கும் கருவி

குழாய் வளைக்கும் கருவி முதலாளியுடையது என்று சொன்னேன். ஆனால் எங்கே வளைப்பது என்று அது சொல்லாது. சுவரில் ஒரு தடை குறுக்கிடுகிறது. குழாயை 4 அங்குலம் விலக்கி மீண்டும் நேராகச் செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வளைவுகளையும் 30 பாகையில் எடுத்தால், அவற்றின் இடைவெளி 4இன் இரு மடங்கு, அதாவது 8 அங்குலம். 45 பாகையானால் 1.4 மடங்கு. பழகுநர் இந்தப் பெருக்கெண்களை மனப்பாடம் செய்திருப்பார். அவை வேறு எதுவுமல்ல. நாம் பள்ளியில் படித்த சைன் விகிதத்தின் தலைகீழிகள். சைன் 30 பாகை என்பது அரை. எனவே இரண்டு மடங்கு.

வளைத்து அறுத்த குழாயின் வாயில் பிசிறு இருக்கும். அதைத் தேய்த்து நீக்காமல் கம்பியை இழுத்தால் உறை கிழிந்து, சுவருக்குள் யாரும் காணாத இடத்தில் குறுக்கிணைப்பு உண்டாகும். பிசிறு நீக்க இரண்டு நிமிடம் போதும். யாரும் பார்க்காத அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்குவதுதான் தொழில்நேர்மை. இந்தக் கணக்கும் இந்த நேர்மையும் எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத கருவிகள். இவை மட்டும் முழுவதும் தொழிலாளியின் உடைமை.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு வயர்மேன் பயிற்சியும் நடைபெறுகிறது. ஆயினும் பயிற்சியை முடித்து நாள்கூலிக்குச் செல்லும் இளைஞர்கள் பலர், துளை எந்திரத்தையும் ஏணியையும் தாமே சுமந்து செல்வதை நகரத் தெருக்களில் காண்கிறோம். எது யார் பொறுப்பு என்று எழுதிய தாள் அவர்களிடம் இல்லை.

நம்மை எண்ணிப் பாருங்கள். ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து இங்கு ஆராய்ச்சி செய்கிறோம். நுண்ணோக்கியைக் கையோடு கொண்டு வா என்று எந்தப் பேராசிரியரும் நம்மிடம் சொல்வதில்லை. பேனாவும் ஏடும் நம்முடையவை, பெருங்கருவிகள் பல்கலைக்கழகத்தினுடையவை. இந்த எல்லைக்கோடு நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அதனால்தான் ஏழை மாணவரும் ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைய முடிகிறது. நமக்கு இயல்பான இந்த நியாயம், நமக்கு விளக்கேற்றித் தருபவருக்கும் உரியதே.

அடுத்த முறை விடுதி அறையில் மின்விசிறி நின்று எலக்ட்ரீஷியன் அண்ணன் வரும்போது, அவர் பையைப் பாருங்கள். ஏணி எங்கிருந்து வந்தது, டெஸ்டர் எத்தகையது, உறை கிழிந்த குறட்டுக்கு மாற்று யார் தருவார் என்று அன்போடு கேளுங்கள். ‘எல்லாம் என் காசுதான், தம்பி’ என்று அவர் சொல்வாரானால், விடுதிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு நமக்கு ஒரு பொருள் கிடைத்தது என்று கொள்ளலாம்.